தூரம் கூடினால் தவிக்கும் செல்

தண்ணீரில் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தூரத்தைக் கடக்க, சராசரியாக விநாடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் போதும். ஒரு மில்லிமீட்டர் என்றால் சுமார் 8 நிமிடம். ஒரு சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 14 மணி நேரம். ஒரு மீட்டருக்கோ 16 ஆண்டுகள்!

தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகிறது. விரவல் எனப்படும் இந்த இயக்கத்தின் கறாரான கணக்கு இதுதான். உயிர்களின் உடலமைப்பில் பெரும்பகுதி இந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டதே.

மூலக்கூறுகளை யாரும் தள்ளுவதில்லை, இழுப்பதுமில்லை. வெப்பத்தால் அவை ஓயாமல் அலைகின்றன. ஒன்றோடொன்று மோதித் திசை மாறுகின்றன. நெரிசல் மிகுந்த பக்கத்திலிருந்து கிளம்புபவை அதிகம், குறைந்த பக்கத்திலிருந்து கிளம்புபவை குறைவு. ஆகவே மொத்தத்தில் ஓட்டம் செறிவு குறைந்த பக்கம் நோக்கியே இருக்கும். 1855-ல் இதைச் சமன்பாடாக்கியவர், ஜூரிச்சில் பணியாற்றிய உடலியல் அறிஞர் அடால்ஃப் ஃபிக். தூரத்துக்கும் நேரத்துக்குமான இருபடித் தொடர்பை 1905-ல் நிறுவினார் ஐன்ஸ்டீன்.

கடக்க வேண்டிய தூரம் சிறிது என்பதால்தான் பாக்டீரியா இதயமும் ரத்தமும் இல்லாமல் வாழ்கிறது. இ.கோலை என்னும் பாக்டீரியாவின் நீளம் 2 மைக்ரோமீட்டர்தான். அதன் உள்ளே புரதங்கள் தேர்த் திருவிழாக் கூட்டம்போல நெருக்கியடித்து நிற்பதால், ஒரு நடுத்தரப் புரதம் தண்ணீரில் நகர்வதைவிடப் பத்து மடங்கு மெதுவாகவே நகரும். இருந்தும் ஒரு விநாடிக்குள் செல்லின் மறுமுனையை எட்டிவிடும்.

பெரிய உடலுக்கு அந்த வசதி இல்லை. நுரையீரல் அதற்குத் தீர்வு காண்கிறது. காற்று நுண்ணறைக்கும் ரத்தத்துக்கும் இடையிலுள்ள சுவர் பெரும்பாலான இடங்களில் ஒரு மைக்ரோமீட்டரைவிட மெல்லியது. அதை விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர் பரப்பு கிடைக்கும். ஓய்வாக இருக்கும்போது, சிவப்பணு அங்கே நுண்நாளத்தில் இருப்பது முக்கால் விநாடிதான். அதில் மூன்றில் ஒரு பங்கு நேரத்திலேயே ஆக்சிஜனை நிரப்பிக்கொள்கிறது. நுரையீரல் நார்த்திசு நோயில் இந்தச் சுவர் தடிக்கிறது. அப்போது நாலு படி ஏறினாலே நோயாளிக்கு மூச்சு வாங்குகிறது.

ஆக்சிஜனைத் தசை வரை சுமந்து செல்வது ரத்தம். ஆனால் கடைசிக் கட்டத்தில், நாளத்திலிருந்து செல்லுக்குள் போவது மறுபடி விரவலால்தான். உழைக்கும் தசையில் கூடுதல் நுண்நாளங்கள் திறந்து அந்தத் தூரத்தைக் குறைக்கின்றன என்று காட்டிய டென்மார்க்கின் ஆகஸ்ட் குரோ 1920-ல் நோபல் பரிசு பெற்றார்.

நரம்பு செல்லின் சிக்கல் இன்னும் பெரிது. முதுகுத் தண்டிலிருந்து பாதம்வரை நீளும் ஒரே இழையின் நீளம் சுமார் ஒரு மீட்டர். விரவலை நம்பினால் ஒரு புரதம் முனையை அடைய நூற்றாண்டுகள் ஆகும். ஆகவே கைனெசின் என்னும் இயக்கப் புரதம் இழைக்குள் இருக்கும் நுண்குழல்கள்மீது நகர்ந்து, சரக்கை நாளொன்றுக்கு 400 மில்லிமீட்டர்வரை கொண்டுபோகிறது. மூன்றே நாளில் சரக்கு பாதம் சேரும். அங்கே நரம்புக்கும் தசைக்கும் நடுவே இருப்பது மிகச் சிறிய இடைவெளி. நரம்பின் செய்தியைத் தசைக்குக் கொண்டுசெல்லும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் அதைக் கடப்பது வெறும் விரவலால், மைக்ரோவிநாடிக் கணக்கில்.

ஆய்வகத்தில் உறுப்பு வளர்ப்போரையும் இதே கணக்குதான் மறிக்கிறது. மெல்லிய தோலை வளர்க்க முடிகிறது. தடித்த கல்லீரலையோ இதயத் தசையையோ வளர்த்தால், நடுவிலுள்ள செல்கள் ஆக்சிஜன் எட்டாமல் மடிகின்றன. திசுவின் பெரும்பாலான செல்களுக்கு 0.2 மில்லிமீட்டர் தொலைவுக்குள் ஒரு ரத்த நாளம் வேண்டும். அந்த நாள வலையை அமைப்பதே செயற்கை உறுப்பு ஆய்வின் முதல் சவால்.