‘மிஸ்’ என்ற வினைச்சொல்லும் ஒரு தாயின் கடிதமும்

சாம்பல்தீவில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். சென்ற மாதம் ‘மிஸ்’ என்ற வினைச்சொல்லைப் பலகையில் எழுதி, இதற்குத் தமிழ் என்ன என்று கேட்டேன். தெரியாத பிள்ளை ஒன்றுமில்லை. “நிலாவெளி பஸ்ஸை மிஸ் பண்ணிட்டன்” என்றான் ஒருவன். “கிளாஸை மிஸ் பண்ணினா அடி விழும்” என்றாள் இன்னொருத்தி. தமிழ் என்ன என்று மறுபடியும் கேட்டபோதுதான் சத்தம் அடங்கியது.

பஸ்ஸைத் தவறவிடுகிறோம். பாடத்துக்குப் போகாமல் விடுகிறோம். புத்தகத்தில் ஒரு தாள் இல்லை என்றாலும் ஆங்கிலத்தில் ‘மிஸ்ஸிங்’தான். ஷெல் வீட்டில் விழாமல் பின்வளவில் விழுந்தால், ஷெல் வீட்டை ‘மிஸ்’ பண்ணியது என்று எழுதலாம். நாங்கள் அதைக் குறி தவறியது என்போம், அல்லது தப்பிவிட்டோம் என்போம். தமிழில் ‘தவறு’ என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒருவர் ‘தவறிவிட்டார்’ என்றால் இறந்துவிட்டார் என்று அர்த்தம். ஆங்கில ‘மிஸ்’ஸுக்கு அந்தப் பொருள் கிடையாது.

பிரிந்திருக்கும் ஒருவரை ‘மிஸ்’ பண்ணுவதற்கு மட்டும் தமிழில் சொல்லில்லை என்று ஒரு பிள்ளை சொன்னாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெளிநாடு போன தகப்பனை நினைத்து அழும் குழந்தையைப் பார்த்து, “பிள்ளைக்கு அப்பாவைத் தேடுது” என்று எங்கள் வீடுகளில் சொல்வதில்லையா? தேடுவது கால்களின் வேலை மட்டுமல்ல, மனத்தின் வேலையும்தான். பாரிஸில் இருக்கும் எங்கள் உறவுகளுக்கு இது இலகுவாக விளங்கும். பிரெஞ்சில் ‘நான் உன்னை மிஸ் பண்ணுகிறேன்’ என்று சொல்வதில்லை. ‘நீ எனக்கு இல்லாமலிருக்கிறாய்’ என்ற அமைப்பில்தான் சொல்வார்கள்.

இது பிள்ளைகளுக்கான பாடமாக மட்டும் முடிந்திருக்கும். ஆனால் அதே கிழமை ஓர் அம்மா ஒரு பழைய கடிதத்தின் பிரதியோடு வந்தா. பல வருடங்களுக்கு முன் நானே அவவுக்கு ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த கடிதம். அதைப் புதிதாக எழுதித் தரவேண்டும் என்றா. வாசித்துப் பார்த்தேன். ‘மை சன் வென்ட் மிஸ்ஸிங்’ என்று தொடங்கியிருந்தேன். அதன் கீழே ‘ஐ லாஸ்ட் மை சன்’ என்றும் ஒரு வரி இருந்தது.

அந்த அம்மா அன்று என்னிடம் சொன்னது வேறு. “வந்து கூட்டிக்கொண்டு போனாங்கள், சேர்.” அவவின் வசனத்தில் வந்தவர்கள் இருந்தார்கள். என் ஆங்கிலத்தில் அவர்களைக் காணவில்லை. மகன் தானாக எழும்பி எங்கோ போய்விட்டான் என்பதுபோல நான் எழுதியிருந்தேன். இரண்டாவது வரி அதைவிட மோசம். ‘ஐ லாஸ்ட் மை சன்’ என்றால் ஆங்கிலத்தில் வாசிப்பவர் மகன் இறந்துவிட்டான் என்றுதான் எடுத்துக்கொள்வார். தமிழில் ‘பிள்ளையைத் தொலைச்சிட்டன்’ என்பதை நினைத்து எழுதிய சொல் அது. மகன் உயிரோடு இருக்கிறான் என்று நம்பும் தாயின் கையெழுத்தோடு அவனுடைய மரணத்தை நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

‘மிஸ்ஸிங்’ பொய்யான சொல் அல்ல. 2004 டிசம்பர் 26 இல் கடல் இந்தக் கரையில் ஏறியபோது உடல் கிடைக்காதவர்கள் எல்லோரும் ‘மிஸ்ஸிங்’தான். அவர்களின் இறப்பைப் பதிய 2005 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சுனாமிச் சட்டம் வழிசெய்தது. கடலிடம் போய் ஆளை எங்கே வைத்திருக்கிறாய் என்று யாரும் கேட்கமுடியாது. ஆனால் வெள்ளை வானில் ஏற்றப்பட்டவனுக்கும் கையளிக்கப்பட்டவனுக்கும் அதே சொல்லைப் போட்டால், கேட்கவேண்டிய கேள்வியும் கடலோடு போய்விடுகிறது.

2016 இன் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அலுவலகத்தின் பெயரில் இருப்பது ‘மிஸ்ஸிங் பேர்சன்ஸ்’. அதன் வரைவிலக்கணம் அகலமானது. மோதலில் காணாமற்போனவர்கள், சண்டையில் காணாமற்போன படையினர், அரசியல் குழப்பங்களில் காணாமற்போனவர்கள், வலிந்து காணாமல் ஆக்கப்பட்டவர்கள் எல்லோரும் அதற்குள் அடக்கம். ஓர் அலுவலகத்துக்கு அகலமான சொல் தேவைப்படலாம். முறைப்பாடு எழுதும் தாய்க்கு அது தேவையில்லை. 2017 இலிருந்து வீதியோரங்களில் உட்கார்ந்த உறவுகள் தங்கள் பதாகைகளில் ‘காணாமல் போனோர்’ என்பதை விட்டு ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்று எழுதியது சும்மா அல்ல. ஆகு, ஆக்கு என்ற தன்வினை பிறவினை வேறுபாட்டைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோம். அதன் கனத்தை இந்த அம்மாக்கள்தான் எங்களுக்கு விளங்கப்படுத்தினார்கள்.

ஆங்கிலத்தில் இது இன்னும் கடினமாக இருந்தது. ‘டிசப்பியர்’ செயப்படுபொருள் கொள்ளாத வினை. ‘ஹி வாஸ் டிசப்பியர்ட்’ என்று பரீட்சையில் எழுதினால் பிழை என்று நானே சிவப்பு மையால் வெட்டியிருக்கிறேன். ஜோசப் ஹெல்லரின் ‘கேட்ச்-22’ என்ற 1961 ஆம் ஆண்டு நாவலில் ஒருவனை ‘டிசப்பியர்’ பண்ணப்போகிறார்கள் என்று கேள்விப்படும் பாத்திரம், இது இலக்கணமே இல்லையே என்று எரிச்சல்படும். ஆர்ஜென்டினாவில் 1976 இல் ஆட்சியைப் பிடித்த இராணுவம் பிள்ளைகளைக் கொண்டுபோனபோது, 1977 இலிருந்து தாய்மார் புவனஸ் அயர்ஸ் நகரின் மே சதுக்கத்தில் நடந்தார்கள். ஸ்பானிய மொழியின் ‘தெசபரசீதோஸ்’ அப்போதுதான் உலகம் அறிந்த சொல்லானது. இன்று ‘வாஸ் டிசப்பியர்ட்’ ஆங்கில அகராதிகளிலும் உண்டு.

சட்டத்திலும் இந்தச் சொல்லுக்கு வரையறை இருக்கிறது. 2006 இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையை இலங்கை 2016 மே மாதம் உறுதிப்படுத்தியது. அதற்கான உள்நாட்டுச் சட்டம் 2018 இன் 5 ஆம் இலக்கச் சட்டம். உடன்படிக்கையின்படி, அரச ஆட்களோ அவர்களின் அனுமதியோடு இயங்குபவர்களோ ஒருவரைப் பிடித்துச் சென்றிருக்க வேண்டும். பிறகு பிடித்ததை மறுத்திருக்க வேண்டும், அல்லது அவர் இருக்கும் இடத்தை மறைத்திருக்க வேண்டும். அதனால் அவர் சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே தள்ளப்பட்டிருக்க வேண்டும். மறுப்பும் குற்றத்தின் ஒரு பாகம் என்பதைக் கவனியுங்கள். எங்கள் ஆட்கள் எழுதும் கடிதங்களில் அதுதான் பெரும்பாலும் விடுபடுகிறது. எந்த முகாமில் கேட்டோம், எந்தத் திகதியில், என்ன பதில் சொன்னார்கள் என்று எழுதுவதில்லை. “இல்லை என்று சொல்லிட்டாங்கள், அதை என்னத்துக்கு எழுத?” என்பார்கள். அந்த ‘இல்லை’யைத்தான் எழுதவேண்டும். 2015 நவம்பரில் ஐ.நா. செயற்குழு திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குள் இருந்த இரகசியத் தடுப்பிடத்தைப் பார்வையிட்டது. ஆட்கள் அடைத்து வைக்கப்படவில்லை என்று எத்தனையோ தடவை சொல்லப்பட்ட ஊர் இது.

அம்மாவின் கடிதத்தைத் திருப்பி எழுதினேன். ‘வென்ட் மிஸ்ஸிங்’ போய், ‘வாஸ் டேக்கன் ஃப்ரம் அவர் ஹவுஸ் பை’ என்று வந்தது. ‘பை’க்குப் பிறகு அவ கண்ட சீருடையின் நிறத்தையும் வாகனத்தையும் எழுதினேன். காணாத எதையும் சேர்க்கவில்லை. அவ போய் விசாரித்த 4 இடங்களும் திகதியோடு வந்தன. ‘லாஸ்ட்’ வரியை வெட்டினேன்.

தமிழில் வாசித்துக் காட்டச் சொன்னா. வாசித்தேன். “எனக்கு அவனைத் தேடுது எண்டதையும் போட்டீங்களா, சேர்?”

முறைப்பாட்டில் அப்படியெல்லாம் எழுதுவதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு கடைசியில் இரண்டு வசனம் சேர்த்தேன். ‘ஐ மிஸ் மை சன். ஐ ஆம் ஸ்டில் லுக்கிங் ஃபோர் ஹிம்.’ அவவின் ஒரு சொல்லுக்கு எனக்கு இரண்டு வசனம் தேவைப்பட்டது.