கேபிள் பின்னலும் ஒரு காலுறையும்

அயர்லாந்தின் ஆரன் தீவு ஸ்வெட்டர்களில் கயிறு முறுக்கினது மாதிரி ஒரு பின்னல் ஓடும். அதுதான் கேபிள். செய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஊசியில் இருக்கும் ஆறு கண்ணிகளில் முதல் மூன்றைத் தனி ஊசிக்கு மாற்றி ஒதுக்கி வைத்துவிட்டு, அடுத்த மூன்றைப் பின்ன வேண்டும். பிறகு ஒதுக்கிய மூன்று. நம்ம பாஷையில் சொன்னால் வெறும் ஸ்வாப்.

இதைப் பற்றி ஒரு கதை சுற்றுகிறது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பின்னல் வடிவம் உண்டாம். கடலில் மூழ்கின மீனவரின் உடலை அதை வைத்துத்தான் அடையாளம் காண்பார்களாம். ஆனால் இன்றைய ஆரன் ஸ்வெட்டரே 20ஆம் நூற்றாண்டில் உருவானதுதான்.

கதையின் மூலமாகப் பலரும் காட்டுவது ஜே.எம். சிங் எழுதி 1904இல் மேடையேறிய 'ரைடர்ஸ் டு த சீ' நாடகத்தை. டோனிகால் பக்கம் ஒதுங்கிய ஓர் உடலின் சட்டையும் காலுறையும் வீட்டுக்கு வருகின்றன. சட்டையை வைத்துச் சகோதரிகளால் உறுதி சொல்ல முடியவில்லை. அதே துணி கால்வே கடைகளில் எவ்வளவோ கிடைக்கும். காலுறையைப் பின்னியவள் நோரா. கண்ணிகளை எண்ணுகிறாள். 60 போட்டு 4 விட்டது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. அவள் அண்ணனுடையதுதான்.

நாடகத்தில் கேபிளும் கிடையாது, குடும்ப வடிவமும் கிடையாது. வடிவத்தை யார் வேண்டுமானாலும் பார்த்துப் பின்னலாம். விட்டுப்போன அந்த நாலு கண்ணி பின்னியவளுக்குத்தான் தெரியும்.