காட்டைக் காத்த ஊரார்

நாம் வாழும் கிடர்பூருக்கு மேற்கே, மேதினிப்பூர்ப் பகுதியில் அராபாரி என்னும் காடு உள்ளது. சுற்றியிருந்த ஊரார் விறகு வெட்டி விற்றே பிழைத்தனர். அதனால் சால் மரங்கள் அழிந்து, அடிக்கட்டைகளே எஞ்சின. காவலும் தண்டனையும் பயன் தரவில்லை.

1970களின் தொடக்கத்தில் வன அலுவலர் அஜித்குமார் பானர்ஜி, 11 ஊர் மக்களை அழைத்துப் பேசினார். காட்டிலேயே வேலை அளித்தார். மரம் விற்ற வருவாயில் நான்கில் ஒரு பங்கு தருவதாக உறுதி கூறினார். வெட்டியவர்களே காவலர் ஆயினர். அடிக்கட்டைகள் துளிர்த்தன, காடு மீண்டது.

1988ஆம் ஆண்டின் தேசிய வனக்கொள்கை, காடு காக்கும் பணியில் மக்களுக்கு இடமளித்தது. தொழிற்சாலைகள் தமக்கு வேண்டிய மரத்தை உழவர் துணையுடன் வளர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் கூறியது.

பயனில் பங்கு பெறுவோரே காவலிலும் பங்கு கொள்வர்.