பி.டி. சார் கண்ணில் பட்ட பிள்ளைகள்

ஓமலூர் வட்டாரத்துப் பெரியவடகம்பட்டிப் பையன் 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கிய கதை சேலத்தில் எல்லோருக்கும் தெரியும். அதில் எனக்குப் பெரிதாகப் படுவது பதக்கம் அல்ல. ஐந்து வயதில் பேருந்து ஏறிக் கால் நசுங்கிய பிள்ளை அவர். பள்ளிக்கூடத்தில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தவரை உயரம் தாண்டச் சொன்னவர் அங்கிருந்த பி.டி. சார். 14 வயதில், காலில் ஒரு குறையும் இல்லாத பையன்களோடு போட்டியிட்டு இரண்டாவதாக வந்தார்.

சின்னப்பம்பட்டி வேகப்பந்து வீச்சாளரின் கதையும் ஏறக்குறைய இதேதான். டென்னிஸ் பந்தில் வீசிக்கொண்டிருந்தவரைச் சென்னைக்கு அழைத்துப் போனவர் ஊர் அண்ணன் ஒருவர். ஐ.பி.எல். சட்டையில் தன் பெயருக்கு முன்னால் அந்த அண்ணனின் பெயரெழுத்துகளைப் போட்டுக்கொண்டார்.

பிறகு நடந்ததைப் பாருங்கள். முன்னவர் பரிசுப் பணத்தில் ஒரு பங்கைத் தான் படித்த பள்ளிக்கே கொடுத்தார். பின்னவர் 2023இல் சொந்த ஊரிலேயே கிரிக்கெட் மைதானம் திறந்தார். தலைமைப் பண்பு என்று நான் சொல்வது இதைத்தான். ஒருவர் கைதூக்கி விட்டால், அந்தப் பிள்ளை பத்துப் பேரைத் தூக்கிவிடும்.

எங்கள் பக்கத்தில் இப்படிக் கைதூக்கி விடுவது இன்னும் அவசியம். ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் போன அப்பா மாதக்கணக்கில் வட மாநிலத்தில் இருப்பார். லாரி ஓட்டுகிறவர் வீடு திரும்பும் நாள் அவருக்கே தெரியாது. அம்மாவுக்குத் தறி. வளர்ந்துவரும் பையனைத் தட்டிக்கொடுக்கவோ அதட்டவோ மிஞ்சுவது பி.டி. சாரும் என்.எஸ்.எஸ். சாரும்தான்.

என்.எஸ்.எஸ். என்கிற நாட்டு நலப்பணித் திட்டம் 1969இல் தொடங்கியது. அதன் ஏழு நாள் முகாமில், வகுப்பில் வாயே திறக்காத பிளஸ் ஒன் மாணவிகூட ஐம்பது பேர் சாப்பாட்டுக்கு அரிசி எவ்வளவு என்று கணக்குப் போட வேண்டும், பாத்திரம் கழுவ முறை வைக்க வேண்டும், ஊர்க்காரர்களிடம் போய்ப் பேச வேண்டும். அரிசி குறைந்துவிட்டால் அடுத்தது என்ன என்பதையும் அவளே யோசிக்க வேண்டும். நல்ல ஆசிரியர் அப்போது பக்கத்தில் நிற்பார், கரண்டியைப் பிடுங்க மாட்டார்.

என் கவலை எல்லாம் பி.டி. பீரியட் பற்றித்தான். ராசிபுரம் முதல் திருச்செங்கோடு வரை விடுதிப் பள்ளிகளில் ஒரு தலைமுறையே விடிகாலை ஸ்டடிக்கும் ராத்திரி ஸ்டடிக்கும் நடுவில் வளர்ந்தது. 2017இல் பொதுத்தேர்வு ரேங்க் அறிவிப்பு நின்றது. அந்த இடத்தில் நீட் வந்து உட்கார்ந்தது. அரையாண்டு நெருங்கினால் மைதானம் காலி, பி.டி. பீரியடில் கணக்கு. மார்க்தான் ஏழைக் குடும்பத்தைக் கரையேற்றும் என்பார்கள், அதிலும் நியாயம் உண்டு. ஆனால் கூட்டத்தில் எழுந்து பேசவும், தோற்ற அணியைத் தேற்றவும் எந்தக் கைடு சொல்லிக்கொடுக்கும்?

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க்கை விசாரித்த பிறகு, இந்த மாதம் எத்தனை பி.டி. பீரியட் உண்மையிலேயே மைதானத்தில் நடந்தது என்றும் கேளுங்கள்.