பறை காயும் நேரத்துக்கே வந்துவிடுங்கள்!

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி வருகிறவர்கள் பொதுவாக மலை உச்சியைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். கையில் குழந்தை இருந்தால் கொஞ்ச நேரம் மலைக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அடிவாரத்தில், சரவணப் பொய்கையைச் சுற்றியுள்ள தெருக்களில், வேன்களின் பின்கதவு திறந்து வாத்தியங்கள் இறங்கும் அந்த நேரம் இருக்கிறதே, அடடா! ஒரு பக்கம் பறை நெருப்பில் காய்கிறது. ஒரு பக்கம் தவில்காரர் விரலுக்குக் கூடு மாட்டுகிறார். லுங்கியோடு வேனுக்குள் போன பேண்டு செட் ஆள், சரிகை வைத்த சிவப்புக் கோட்டும் தொப்பியுமாக வெளியே குதிக்கிறார். எந்தக் குழந்தைக்குத்தான் கண் விரியாது?

பரணியன்றே கூட்டம் சேர ஆரம்பித்துவிடும். மறுநாள் கிருத்திகை. பொய்கையில் 3 நாள் தெப்பம். பூக்காவடி, மயில்காவடி என்று ஊர் ஊராக வரும் குழுக்கள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு செட்டைக் கூட்டிக்கொண்டு வரும். பம்பை செட், பேண்டு செட், நாதஸ்வரம் தவில், பறை எல்லாம் ஒரே தெருவில் முட்டிக்கொண்டு நிற்கும். நகரி, புத்தூர், சித்தூர்ப் பக்கத்து ஜனங்களுக்கும் இதுதான் மலை. 1960 வரை திருத்தணி சித்தூர் மாவட்டத்தில்தானே இருந்தது! ஒரு குழு தமிழில் பாடும், பக்கத்துக் குழு தெலுங்கில் பாடும். "நைனா, கொஞ்சம் ஜருகு" என்று இரண்டையும் கலந்து வழி கேட்பார்கள்.

பறையிலிருந்து ஆரம்பியுங்கள். குழந்தைகளுக்குப் புரியும்படி ஒரு வாத்தியம் தயாராவதைக் காட்ட இதைவிட நல்ல இடம் இல்லை. காய்ந்த சருகு, பழைய பேப்பர், கொஞ்சம் வைக்கோல் போட்டுச் சின்னதாகத் தீ மூட்டுவார்கள். தோல் பக்கத்தைத் தீயை நோக்கிப் பிடித்து, கருகிவிடாமல் வட்டமாகத் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். ஆடி மாதக் காற்றின் ஈரம் தோலுக்குள் இறங்கியிருக்கும். ஈரத்தோல் தொய்ந்துபோகும், தட்டினால் "தொப்" என்று செத்த சத்தம்தான் வரும். சூடு பட ஈரம் வெளியேறித் தோல் இறுகும், நாதமும் ஏறிக்கொண்டே போகும். நடு நடுவே குச்சியால் ஒரு தட்டு, மறுபடி தீ, மறுபடி ஒரு தட்டு.

எங்கள் வீட்டுச் சின்னவளை ஒரு பறைக்காரர் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"கண்ணு, இப்ப தட்டறேன். காஞ்சுடுச்சா சொல்லு."

"இல்ல மாமா."

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம்!"

அடுத்த தட்டுக்கு "டங்!" என்று தெருவே திரும்பியது. அவள் எழுந்து குதித்துவிட்டாள். "பாத்தியா, பாப்பா காதுக்கே தெரிஞ்சுபோச்சு" என்று அவர் பக்கத்து ஆளிடம் பெருமையாகச் சொன்னார். இப்போது செயற்கைத் தோல் போட்ட பறைகளும் வருகின்றன, அவற்றுக்குத் தீ வேண்டாம். ஆனால் குழந்தையோடு போகிறீர்கள் என்றால் தீ எரிகிற இடத்தையே தேடிப் போங்கள்.

அடுத்து பம்பை. வட மாவட்டங்களில் முருகனையும் அம்மனையும் பம்பை இல்லாமல் யாரும் அழைப்பதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மேளங்களைச் சேர்த்துக் கட்டி இடுப்பில் மாட்டிக்கொள்வார்கள். ஒன்று மரம், ஒன்று பித்தளை. இரண்டிலும் குச்சி பறக்கும்போது ஒரே ஆள் வாசிப்பதாகவே தோன்றாது. கண்ணை மூடச் சொல்லி, எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்! பக்கத்தில் உடுக்கைக்காரர் நடுவிலுள்ள கயிற்றை அழுத்தி அழுத்தி விடுகிறார், அழுத்தும்போது நாதம் மேலே எகிறுகிறது. அவர் விரலைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ரகசியம் முழுக்க விரலில்தான் இருக்கிறது.

தவில்காரரிடம் கொஞ்சம் மரியாதையான தூரத்தில் நில்லுங்கள், அவர் தயாராகும் நேரம் அது. வலது கை விரல்களில் வெள்ளையாகக் கெட்டித் தொப்பிகள் மாட்டுகிறாரே, துணியைப் பசையில் தோய்த்துச் சுற்றிக் காயவைத்துச் செய்த கூடுகள் அவை. இடது கைக்குக் குச்சி. உடல் பலாமரம். தோலை இழுத்துக் கட்ட முன்பு வார்தான், இப்போது பெரும்பாலும் இரும்பு வளையமும் போல்ட்டும். ஸ்பானரை எடுத்து நாலு திருகு திருகிச் சுருதி சேர்ப்பார். ஸ்பானரைப் பார்த்ததும் பையன்கள் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள். நாதஸ்வரக்காரர் அதற்குள் சீவாளியை வாயில் வைத்து ஈரப்படுத்திக்கொண்டிருப்பார். குழலில் இருந்து தொங்குகிற மாற்றுச் சீவாளிகளை எண்ணச் சொல்லிவிட்டு நீங்கள் நிம்மதியாக டீ குடிக்கலாம்.

இனி பேண்டு செட்! எனக்கு இதில் பைத்தியம், மறைக்கவில்லை. டிரம்பெட், கிளாரினெட், சைடு டிரம், பெரிய டிரம். பித்தளை வாத்தியம் என்றால் நாடு முழுக்க மீரட்தான். வட இந்தியக் கல்யாண ஊர்வலங்களுக்கும் நம் காவடிக்கும் ஒரே ஊரின் பட்டறைகள். சைடு டிரம்மை வைத்திருக்கும் அண்ணனிடம் கீழே என்ன இருக்கிறது என்று கேட்கச் சொல்லுங்கள். கவிழ்த்துக் காட்டுவார். அடித்தோலை ஒட்டி வரிசையாகச் சுருள் கம்பிகள், பக்கத்தில் ஒரு சின்ன லீவர். லீவரை விட்டால் வெறும் "டும்". மாட்டினால் கம்பிகள் தோலில் அதிர்ந்து "டர்ர்ர்". அந்த லீவரைத் தானே ஒருமுறை தட்டிப் பார்த்த பிள்ளை, அன்று முழுக்க வேறு எதையும் பேசாது.

பேண்டு எங்கே, திருத்தணி எங்கே என்று நினைக்கிறீர்களா? இந்த மலைக்கும் பேண்டுக்கும் நடுவில் முத்துசுவாமி தீட்சிதரே நிற்கிறார். 1775-ல் திருவாரூரில் பிறந்தவர். சென்னையை அடுத்த மணலியில் குடும்பத்தோடு இருந்த காலத்தில் செயின்ட் ஜார்ஜ் கோட்டைப் பேண்டைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். சுமார் 40 நோட்டுஸ்வரங்கள். அதில் ஒன்று பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டேதான்! அதே தீட்சிதர் முதல் கிருதியைப் பாடியது இந்தத் திருத்தணியில். முருகனே முதியவராக வந்து அவர் வாயில் கற்கண்டு போட்டதாகச் சொல்வார்கள். கோட்டைப் பேண்டைக் கேட்ட காதுக்குக் கற்கண்டு கிடைத்த மலையில், இன்று பேண்டு செட் படியேறுவது எனக்குப் பரம சந்தோஷம்.

அமெரிக்காவிலும் ஏறக்குறைய இதே பருவத்தில் இப்படி ஒரு கூத்து நடக்கிறது. 1972 முதல் நடக்கும் டிரம் கோர் இன்டர்நேஷனல் போட்டிகளின் இறுதிச் சுற்று ஆகஸ்டில். பித்தளை வாத்தியங்களும் தாள வாத்தியங்களும் கொடியாட்டமுமாக இளைஞர்கள் மைதானத்தை நிறைப்பார்கள். அங்கேயும் விஷயம் தெரிந்த ரசிகர்கள் டிக்கெட் இருந்தாலும் முதலில் கார் நிறுத்துமிடத்துக்கு ஓடுகிறார்கள். டிரம் அணி கைச்சூடு ஏற்றுவது அங்கேதான். பார்த்தீர்களா, ஊர் எதுவானாலும் ருசி கண்டவர்கள் முன்னாடியே வந்துவிடுகிறார்கள்!

காது விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பெரிய டிரம்மின் இரண்டு முகமும் பக்கவாட்டில் பார்க்கும். எனவே செட்டுக்கு நேர் பக்கத்தில் நின்றால் அறை உங்களுக்குத்தான். டிரம்பெட்டின் வாய் முன்னால் பார்க்கும், அங்கேயும் வேண்டாம். பின்னால் கொஞ்சம் சாய்வாக, பத்தடி தள்ளி நில்லுங்கள். கைக்குழந்தை என்றால் காதை மூடும் மஃப் போட்டே ஆகவேண்டும், பஞ்சு போதாது. படி 365. வருஷத்து நாள் கணக்கு என்று சொல்லி ஏற்றினால் பிள்ளைகள் தங்கள் பிறந்தநாள் படியைத் தேடிக்கொண்டே ஏறிவிடும். காவடி ஆடி வரும்போது ஓரமாக ஒதுங்கி, அந்தத் "தகிட தகிட" நடைக்குக் காலைத் தட்டவிடுங்கள்.

தரிசனம் ஆனதும் வேனைத் தேடி ஓடாதீர்கள். காவடி இறங்கி, கூலியும் சாப்பாடும் கைக்கு வந்தபின் வாத்தியக்காரர்கள் தங்கள் ஆசைக்கு வாசிக்கும் கொஞ்ச நேரம் உண்டு. பேண்டு மாஸ்டர் பிள்ளைகளைப் பார்த்து, "என்ன பாட்டு வேணும்?" என்பார். எதிர்ச்சாரியில் பம்பைக்காரர் சும்மா இருப்பாரா? சைடு டிரம் ஒரு உருட்டு விட்டால், அதை அப்படியே வாங்கி இரட்டை வேகத்தில் திருப்பி அடிப்பார். சைடு டிரம் அதற்கு ஒரு பதில். பெரிய டிரம் நடுவில் புகுந்து ஒரு "டம்". நகரிப் பிள்ளையும் நம் பிள்ளையும் தோளில் கை போட்டுக்கொண்டு "இன்னொரு வாட்டி!" "இங்கோ சாரி!" என்று கத்துகிறார்கள். குச்சிகள் மறுபடி மேலே போகின்றன.