உப்புத்தாளும் ஸ்பேனரும் பத்தாது! மதுரை ரோட்டோர மெக்கானிக்குகளை திணற வைக்கும் புது பைக்குகள்

மதுரை:

விடியக்காலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் போதும். முன்னாடி ஒரு மூட்டை, பின்னாடி ரெண்டு மூட்டை என்று மல்லிகையைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பதில் பாதிக்கு மேல் மொபட்டுகள்தான். பரவை காய்கறி மார்க்கெட்டிலும் இதே காட்சி. பால் கேன், கோழிக்கூண்டு, புல்லுக்கட்டு, சைக்கிள் டயர், ஐஸ் பெட்டி என்று அந்த வண்டி சுமக்காத சரக்கு இல்லை.

இந்த வண்டிகளையும் பைக்குகளையும் இத்தனை வருஷம் ஓட வைத்தது பெரிய ஒர்க்ஷாப்புகள் அல்ல. வேப்ப மரத்தடியில் ஒரு மரப்பெட்டி, நாலு ஸ்பேனர், கொஞ்சம் உப்புத்தாள், தொங்குகிற பழைய டயர்... இதுதான் மெக்கானிக் கடை. செல்லூர், அவனியாபுரம், ஒத்தக்கடை, செக்கானூரணி, எங்கே போனாலும் ஒன்று இருக்கும்.

இப்போது அதே கடைகளில் வேறு ஒரு பதில் கேட்கிறது. "அண்ணே, இது எப்.ஐ. வண்டி. கம்பெனிக்கே கொண்டு போயிருங்க."

அது என்ன எப்.ஐ.? ஏன் பழைய வண்டியை ரோட்டிலேயே சரி பண்ண முடிந்தது, புது வண்டியை முடியவில்லை?

மதுரைக்கும் மொபட்டுக்கும் என்ன உறவு?

மேல வெளி வீதியில் இருக்கும் டி.வி.எஸ். கட்டிடத்தை தெரியாத மதுரைக்காரர் இருக்க முடியாது. திருக்குறுங்குடியில் 1877-ம் ஆண்டு பிறந்த டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1911-ம் ஆண்டு தொடங்கிய கம்பெனி அது. மதுரை வட்டாரத்தில் பஸ் ஓட்டித்தான் அவர் பெயர் எடுத்தார். அப்போது ரோட்டில் மாட்டு லாட ஆணிகள் சிதறிக் கிடக்குமாம். டயர் பஞ்சர் ஆகி பஸ் லேட் ஆகக் கூடாது என்று காந்தம் வைத்து ஆணிகளை பொறுக்க வைத்தார் என்று சொல்வார்கள். ரெண்டாம் உலகப்போரில் பெட்ரோல் கிடைக்காதபோது, கரி வாயுவில் வண்டி ஓட்டும் கருவியையும் செய்து விற்றார். 1955-ம் ஆண்டு அவர் காலமானார்.

அந்த குடும்பத்து கம்பெனிதான் 1980-ம் ஆண்டு டி.வி.எஸ். 50 மொபட்டை கொண்டு வந்தது. தயாரானது மதுரையில் அல்ல, ஓசூரில். ரெண்டு பேர் உட்கார்ந்து போகும் முதல் இந்திய மொபட் அது. கியர் கிடையாது. கிளட்ச் கிடையாது. சைக்கிள் ஓட்ட தெரிந்தால் போதும். பெட்ரோல் தீர்ந்தால் பெடலை மிதித்து வீடு வந்து சேரலாம். 50 சி.சி.க்கு மிகாத, கியர் இல்லாத வண்டி என்பதால் 16 வயதிலேயே லைசென்ஸ் எடுக்கலாம் என்பது இன்னொரு வசதி. (இன்றைய மொபட் 99.7 சி.சி. அதற்கு 18 வயது ஆக வேண்டும். பிள்ளையிடம் சாவி கொடுக்கும் பெற்றோர் பலருக்கு இது தெரிவதில்லை.)

அதே குடும்ப கம்பெனி 2020-ம் ஆண்டு இங்கிலாந்தின் நார்ட்டன் மோட்டார் சைக்கிள் கம்பெனியை 1 கோடியே 60 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது தனிக்கதை.

லிட்டருக்கு 20 மில்லி ஆயில்

பழைய டி.வி.எஸ். 50, ராஜ்தூத், ஆர்.எக்ஸ்.100 எல்லாமே ரெண்டு ஸ்ட்ரோக் வண்டிகள். அதாவது பிஸ்டன் ஒரு முறை மேலே போய் கீழே வந்தாலே ஒரு வெடிப்பு நடக்கும். நாலு ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் ரெண்டு முறை போய் வந்தால்தான் ஒரு வெடிப்பு. அதனால்தான் சின்ன என்ஜினாக இருந்தும் ரெண்டு ஸ்ட்ரோக் வண்டி சுள்ளென்று கிளம்பும். 1985-ல் வந்து 1996-ல் நின்றுபோன ஆர்.எக்ஸ்.100 வெறும் 98 சி.சி.தான். ஆனாலும் அதன் சத்தத்துக்கு இன்றைக்கும் திரும்பிப் பார்க்காத ஆள் குறைவு. நல்ல நிலையில் இருக்கும் வண்டிக்கு கேட்கிற விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

ரெண்டு ஸ்ட்ரோக் என்ஜினில் வால்வு கிடையாது. பல வண்டிகளில் தனி ஆயில் தொட்டியும் கிடையாது. அவற்றில் பெட்ரோலோடு லிட்டருக்கு 20 மில்லி அளவில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். மறந்தால் பிஸ்டன் சூடேறி இறுகிக்கொள்ளும். "சீஸ் ஆயிடுச்சு" என்று மெக்கானிக் சொன்னால் அந்த மாத சம்பளத்தில் துண்டு விழுந்தது என்று அர்த்தம்.

மற்றபடி வரும் கோளாறெல்லாம் சில்லறைதான். பிளக்கில் கரி பிடித்தால் உப்புத்தாள் வைத்து தேய்க்கணும். கார்புரேட்டர் ஜெட்டில் தூசி அடைத்தால் கழற்றி வாயால் ஊதணும். வண்டி இழுக்கவில்லையா? சைலன்சரை கழற்றி தட்டினால் கரி கொட்டும். கோளாறு கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும். எட்டாவது படித்துவிட்டு கடையில் எடுபிடியாக சேர்ந்த பையன் சில வருஷத்தில் சொந்தக்கடை போட முடிந்ததற்கு காரணம் இதுதான்.

ஆனால் அந்த என்ஜினில் ஒரு பெரிய குறை. புது பெட்ரோல் உள்ளே வரும்போதே ஒரு பங்கு எரியாமல் சைலன்சர் வழியாக வெளியே போய்விடும். கூடவே ஆயிலும் எரியும். பின்னாடி வருகிறவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருவார். புகைக்கு சட்டம் கடுமையாக கடுமையாக, ரெண்டு ஸ்ட்ரோக்குக்கு மூடுவிழா ஆனது. 2015-ல் நாலு ஸ்ட்ரோக் எக்ஸ்.எல்.100 வந்ததும் மொபட்டிலும் கலப்பு ஆயில் காலம் முடியத் தொடங்கியது.

லைட் எரியுது!

2017 ஏப்ரல் 1-ந்தேதி முதல் பி.எஸ்.3 வண்டிகளை விற்கக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. அதற்கு முந்தின ரெண்டு நாளும் நாடு முழுக்க ஷோரூம்களில் தள்ளுமுள்ளு. பைக்குகளை ஆயிரக்கணக்கில் தள்ளுபடி போட்டு தள்ளினார்கள்.

அந்த மாதத்தில் இருந்துதான் புது வண்டிகளில் பகலிலும் முன்விளக்கு எரியத் தொடங்கியது. அணைக்க சுவிட்சே இல்லை. எதிரே வருகிறவர்கள் கை விரலை விரித்து மூடி சைகை காட்டுவதும், "தம்பி, லைட் எரியுது" என்று சிக்னலில் சொல்வதும், "அது அப்படித்தான்ணே" என்று இவர்கள் பதில் சொல்வதும் மதுரையில் ஒரு ரெண்டு வருஷம் ஓடியது. 2019-ல் 125 சி.சி.க்கு மேல் போன வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயமானது. சின்ன வண்டிகளுக்கு, ஒரு பிரேக்கைப் பிடித்தால் ரெண்டு சக்கரத்திலும் பிடிக்கும் முறை வந்தது. இவையெல்லாம் உயிரைக் காப்பாற்றுகிற மாற்றங்கள். இதில் யாருக்கும் புகார் இல்லை.

கார்புரேட்டர் போச்சு... சென்சார் வந்தாச்சு

மெக்கானிக்குகளுக்கு அடி விழுந்தது 2020 ஏப்ரல் 1-ந்தேதி. அன்றுதான் பி.எஸ்.6 வந்தது. கிட்டத்தட்ட எல்லா வண்டியிலும் கார்புரேட்டர் போய் எப்.ஐ. என்கிற பெட்ரோல் பீய்ச்சும் கருவி வந்தது. மொபட்டும் தப்பவில்லை.

கார்புரேட்டர் என்பது காற்று இழுக்கிற வேகத்தில் பெட்ரோலை உறிஞ்சிக் கொடுக்கும் சாதாரண கருவி. ஸ்க்ரூவை திருகினால் பெட்ரோல் கூடும், குறையும். எப்.ஐ.யில் அந்த கணக்கை சின்ன கம்ப்யூட்டர் பெட்டி போடுகிறது. காற்று எவ்வளவு, என்ஜின் சூடு எவ்வளவு, புகையில் ஆக்சிஜன் எவ்வளவு என்று சென்சார்கள் சொல்லச் சொல்ல, அது ஒவ்வொரு முறையும் எத்தனை துளி பெட்ரோல் விடணும் என்று தீர்மானிக்கிறது. பெட்ரோல் டேங்க்குக்குள்ளேயே மின்சார பம்ப் இருக்கிறது.

பலன் உண்டு. மார்கழி பனியிலும் சோக் இழுக்காமல் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகும். புகை குறைவு.

ஆனால் கோளாறு வந்தால் கண்ணுக்குத் தெரியாது. சென்சார் கெட்டதா, ஒயர் விட்டுப்போனதா, பம்ப் போச்சா என்பதை ஸ்கேனர் மாட்டித்தான் பார்க்கணும். ஒரு கம்பெனி ஸ்கேனர் இன்னொரு கம்பெனி வண்டிக்கு ஒத்துவராமலும் போகும். பல கம்பெனி வண்டிக்கும் பொதுவான ஸ்கேனர் கடையில் கிடைக்கிறது என்றாலும், தினம் சில நூறு சம்பாதிக்கிற மரத்தடி கடைக்காரருக்கு அது பெரிய முதலீடு. மாட்டி பார்த்துவிட்டு, அது காட்டுகிற எண்ணுக்கு அர்த்தமும் தெரிய வேண்டும்.

வண்டிக்காரருக்கும் இதில் செலவு இருக்கிறது. முன்பு ஐம்பது, நூறில் முடிந்த வேலை. இப்போது உதிரிபாகத்தையே முழுசாக மாற்றணும் என்கிறார்கள்.

தள்ளிக்கொண்டு போகும் முன்பு

எல்லாவற்றுக்கும் ஷோரூம் ஓட வேண்டியதில்லை. வண்டி கீழே விழுந்த பிறகு ஸ்டார்ட் ஆகவில்லையா? பல எப்.ஐ. வண்டிகளில் சாய்ந்தால் என்ஜினை அணைக்கிற சென்சார் இருக்கிறது. வண்டியை நிமிர்த்தி, சாவியை ஆப் செய்து மறுபடி ஆன் செய்தால் கிளம்பிவிடும். இது தெரியாமல் கிலோமீட்டர் கணக்கில் தள்ளியவர்கள் உண்டு.

சாவி போட்டதும் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஓடும்போதும் எரிந்துகொண்டே இருந்தால் வண்டி ஏதோ சொல்கிறது என்று அர்த்தம். சில வண்டிகளில் அந்த விளக்கு எத்தனை முறை மினுக்குகிறது என்று எண்ணியே எந்த சென்சார் என்று கண்டுபிடித்து விடலாம். விவரம் தெரிந்த லோக்கல் மெக்கானிக்குகள் இதை வைத்துத்தான் சமாளிக்கிறார்கள்.

நம்ம ஊர் பழக்கம் ஒன்று, டேங்க் காயும் வரை ஓட்டிவிட்டு ஐம்பது ரூபாய்க்கு பெட்ரோல் போடுவது. கையில் காசு இருக்கிறபோதுதானே போட முடியும்! ஆனால் எப்.ஐ. பம்ப்பை குளிர வைப்பதே டேங்க்கில் இருக்கும் பெட்ரோல்தான். அடிக்கடி காய விட்டால் பம்ப் சீக்கிரம் போகும். பேட்டரி விஷயமும் அப்படித்தான். பழைய வண்டி பேட்டரி இல்லாமலே கிக்கரில் ஓடும். எப்.ஐ. வண்டியில் பேட்டரி சுத்தமாக செத்துவிட்டால் பம்ப்புக்கு கரண்ட் கிடைக்காமல் பலதும் கிக்கருக்கே பதில் சொல்லாது.

பழைய வண்டிக்கு புது பெட்ரோல்

பழைய வண்டியே போதும் என்று வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சிக்கல் வந்திருக்கிறது. 2025-ம் ஆண்டு முதல் நாடு முழுக்க பங்க்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான். எத்தனாலில் பெட்ரோலைவிட சக்தி குறைவு. இதற்காக தயாரிக்கப்படாத இருசக்கர வாகனங்களில் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-ம் ஆண்டு அறிக்கையிலேயே சொல்லி இருந்தது. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுத்த வண்டி என்றால் ரெண்டு கிலோமீட்டர் போச்சு. பழைய வண்டிகளில் ரப்பர் குழாய், கேஸ்கட் ஆகியவற்றை கொஞ்சம் முன்கூட்டியே மாற்ற வேண்டி வரலாம் என்பதை மத்திய பெட்ரோலிய அமைச்சகமும் 2025 ஆகஸ்டில் ஒப்புக்கொண்டது. செலவு பெரிசில்லை என்பது அவர்கள் வாதம்.

எத்தனால் ஈரத்தை இழுக்கும். தாத்தா வண்டி என்று மாதக்கணக்கில் மூலையில் நிறுத்தி வைத்தால் டேங்க்கில் தண்ணீர் சேரும், துரு பிடிக்கும். நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோலை வடித்துவிடுவது நல்லது.

இந்த வேலைகள் எல்லாம் மரத்தடி மெக்கானிக்கால் முடியும். சொல்லப்போனால் பழைய வண்டிக்கு இன்றும் அவரைவிட்டால் ஆள் இல்லை. ஷோரூமில் பத்து வயது வண்டியைப் பார்த்தாலே முகம் சுளிப்பார்கள்.

அடுத்தது பேட்டரி வண்டி

ஓசூர், கிருஷ்ணகிரி, ராணிப்பேட்டை என்று தமிழ்நாட்டிலேயே பேட்டரி ஸ்கூட்டர் பேக்டரிகள் வரிசையாக வந்துவிட்டன. 1972-ல் வந்த லூனா மொபட்கூட 2024-ல் பேட்டரி வண்டியாக திரும்பி வந்தது. பேட்டரி வண்டியில் பிளக் இல்லை, ஆயில் இல்லை, கார்புரேட்டரும் இல்லை, எப்.ஐ.யும் இல்லை. மெக்கானிக்குக்கு மிச்சம் இருப்பது பஞ்சர், பிரேக் கட்டை, பேரிங். டியூப்லெஸ் டயர் வந்த பிறகு பஞ்சரிலும் பாதி வேலை குறைந்துவிட்டது.

புது வண்டி வாங்க நினைப்பவர்களுக்கு 2025 செப்டம்பர் 22-ந்தேதி ஒரு நல்ல சேதி வந்தது. 350 சி.சி. வரையுள்ள பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்தில் இருந்து 18 ஆனது. ஒரு லட்சம் ரூபாய் ஷோரூம் விலை வண்டிக்கு சுமார் 7 ஆயிரத்து 800 ரூபாய் மிச்சம்.

பழசை விட மனசில்லாதவர்கள் ஆர்.சி. புத்தகத்தை ஒரு தடவை எடுத்துப் பார்க்கணும். 15 வருஷம் முடிந்தால் பதிவை புதுப்பிக்க வேண்டும், பிறகு 5 வருஷத்துக்கு ஒரு தடவை. 20 வருஷத்தை தாண்டிய இருசக்கர வாகனத்துக்கு அந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு 2 ஆயிரம் ரூபாய் ஆக்கிவிட்டது. பசுமை வரி தனி. காயலான் கடையில் போட்டால் கிடைக்கும் காசையும் இந்தச் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கம் போவது நல்லது.