ஐஸ் மெஷின்: கம்ப்ரஸரா, வால்வா?

ஐஸ் சரியா உறையலன்னா, "கம்ப்ரஸர் போச்சு"ன்னு உடனே சொல்லிடுவாங்க. நான் முதல்ல பார்க்கிறது ஹாட் கேஸ் வால்வைத்தான். உறைஞ்ச கட்டிகளைச் சூடான கேஸ் விட்டுக் கழட்டுறது அதோட வேலை. உறையும் நேரத்தில் இறுக்கமா மூடியிருக்கணும். கசிஞ்சா சக்‌ஷன் பிரஷர் கூடும். பழி கம்ப்ரஸர் மேல விழும்.

உறைய ஆரம்பிச்சு 5 நிமிஷம் கழிச்சு, வால்வுக்குள்ள போற குழாயிலும் கம்ப்ரஸர் டிஸ்சார்ஜ் குழாயிலும் தெர்மாமீட்டர் வைப்பேன். டிஸ்சார்ஜ் குழாய் சூடா இருந்து, வால்வுக்குள்ள போற குழாய் ஆறியிருந்தா வால்வு நல்லாயிருக்கு. ரெண்டும் ஒரே சூடுன்னா கசிவு.

மாத்தும்போது கேஸைக் காத்துல விடாம சிலிண்டர்ல எடுக்கணும். வால்வு மேல ஈரத்துணி சுத்திட்டு பிரேஸிங். புது ஃபில்டர் டிரையர், 500 மைக்ரான் வரை வேக்கம், நேம்பிளேட்டில் போட்டிருக்கிற எடைக்கு கேஸ்.

கம்ப்ரஸர் மாத்தச் சொன்னா, "வால்வைப் பார்த்தீங்களாண்ணே?"ன்னு முதல்ல கேளுங்க.